பொத்தான் பரிசோதகரின் நாற்காலி

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் சாய்வு நாற்காலியில் தானே உட்கார்ந்தே தீருவது என்று பொத்தான் பரிசோதகர் சபதம் செய்தார். சபதம் செய்யும்போது முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தொழிற்சாலையில் அவர் கண்ணுக்குத் தப்பிய பொத்தான் கிடையாது. துளை மயிரிழை விலகியிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் நாற்காலியில்தான் பாரசீகப் பூனை மகாராணி நாலு குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தியது.

மகாராணியை இணை சேர்க்கலாம் என்றது அவர்தான். மனைவி அதைக் கையில் எடுத்ததும் வீடே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. மகாராணிக்குச் சிறுநீரகப் பரிசோதனை. மாப்பிள்ளைப் பூனைக்கும் அதே பரிசோதனை. இரண்டும் நெருங்கிய சொந்தமில்லை என்று உறுதிசெய்ய வம்சாவளி வேறு.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்கலையே!"

"அதான் அனுபவிக்கிறேன்" என்றாள் மனைவி. "இந்த ஒரு பிரசவத்தோட மகாராணிக்குக் கருத்தடை. சொல்லிட்டேன்."

குட்டிகள் வளர்ந்தன. மகாராணி பீரோ மேல் குடிபோனது. மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் நாம வச்சுக்கலாமேங்க."

"முடியவே முடியாது. எல்லாம் போகணும். என் நாற்காலி எனக்கு வரணும்."

"சரி. ஆனா கண்டவங்களுக்குக் கொடுக்கக் கூடாது. வர்றவங்களை நீங்களே சோதிங்க. குறை கண்டுபிடிக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா?"

பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சட்டம் போட்டார். ஜன்னலுக்கு வலை இருக்க வேண்டும். வீட்டில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும். வளர்க்க முடியாவிட்டால் இங்கேயே திருப்பித் தர வேண்டும்.

"முக்கியமா, குட்டி எதுல தூங்கிப் பழகிச்சோ, அதுவும் கூடவே போகணும். இல்லேன்னா ஏங்கிடும்."

மனைவி அதை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் குட்டி மருந்துக் கடைக்காரர் வீட்டுக்குப் போனது, பரிசோதகரின் சால்வையோடு. இரண்டாவது ஓவிய ஆசிரியை வீட்டுக்கு, பரிசோதகரின் தலையணையோடு. மூன்றாவது அவர் ஸ்வெட்டரையே கொண்டுபோய்விட்டது. மூன்றும் நல்ல இடத்தில் கொழுகொழுவென்று இருப்பதாகத் தகவல் வந்தது. குளிரில் நடுங்கினாலும் அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

மிச்சம் நாலாவது குட்டி. நாற்காலியை விட்டு அசையாத குட்டி.

கேட்டு வந்த முடிதிருத்துபவர் உள்ளே நுழைந்ததுமே தும்மினார். தள்ளுபடி. தையல்காரர், "இது எப்போ குட்டி போடும்?" என்றார். தள்ளுபடியிலும் தள்ளுபடி. ஞாயிறும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இருக்குங்க" என்றாள் மனைவி.

"ஜன்னல்ல வலை?"

"இருக்கு."

"பூனை வளர்த்த அனுபவம்?"

"பிரசவமே பார்த்திருக்காங்க."

"வீட்டுக்காரர் எப்படி?"

"கொஞ்சம் சிடுமூஞ்சி. ஆனா பூனைக்குக் குளிரக் கூடாதுன்னு தன் ஸ்வெட்டரையே கழட்டிக் கொடுத்த மனுஷன்."

பரிசோதகர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஸ்வெட்டரையா? இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளா! கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துடு."

"கொடுத்துட்டேன்."

"எப்போ வர்றாங்க?"

"வந்தாச்சே. இவ்வளவு நேரம் முக்காலியில உட்கார்ந்திருந்தாங்க."

அவருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் குட்டி கொட்டாவி விட்டு, அவர் விரலை நக்கியது. கோபம் போன இடம் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இது போய்விடுமே என்று அவருக்கும் உள்ளூரக் கவலையாகத்தான் இருந்தது.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அதைக் கொஞ்சம் தூக்கிக்கோ. நான் என் நாற்காலியில உட்காரணும்."

"அதெப்படிங்க? குட்டி எதுல தூங்கிப் பழகிச்சோ, அது குட்டிக்குத்தான்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? உங்க முக்காலிக்கு மெத்தை போன மாசமே தைச்சு வச்சுட்டேன்."