அப்டேட் ஐயாவும் ஒரு பெட்டி குண்டூசியும்

ஜெயபுரம் பொதுநோக்கு மண்டபத்தின் முன்னால் விடிய ஐந்தரைக்கே வரிசை நின்றது. மனிதர்கள் எட்டு மணிக்குத்தான் வந்தார்கள். ஐந்தரைக்கு வந்து நின்றவை அவர்களுடைய செருப்புகள், செங்கற்கள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு முறிந்த மண்வெட்டிப் பிடி. நிவாரண அட்டைக் காலத்திலிருந்து எங்கள் சனம் கைதேர்ந்த கலை இது. எதற்கு வரிசை என்று பிறகு விசாரிக்கலாம். முதலில் கல்லை வை.

இந்தத் தடவை வரிசை அரிசிக்கும் அல்ல, மண்ணெண்ணெய்க்கும் அல்ல. கம்பியூட்டர் அப்டேட்டுக்கு.

கடலுக்கு அப்பால் ஒரு கம்பனி, கம்பியூட்டர்களை இயக்குகிற தன் மென்பொருளின் புதிய பதிப்பு இரண்டு மாதத்தில் வரும் என்று அறிவித்திருந்தது. முன்னையதைவிட வேகம், முன்னையதைவிடப் பாதுகாப்பு, முன்னையதைவிட அழகு. போன பதிப்புக்கும் இதையேதான் சொன்னார்கள். அதற்கு முந்தியதற்கும் இதையேதான். கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது அது செய்தியாக இருந்தது. வவுனியாவில் வதந்தியானது. அங்கே ஐயாத்துரை அதைக் கையில் எடுத்தார். ஜெயபுரத்துக்கு வந்தபோது அது அருள்வாக்கு.

ஐயாத்துரை ஒரு காலத்தில் போன் உறை விற்றவர். பிறகு காணித் தரகு பார்த்தார். பிறகு இரண்டு வருடம் ஆள் எங்கே என்று கடன் கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு வருடத்தைத்தான் அவர் இப்போது தவம் என்கிறார். தவம் முடிந்து வெளியே வந்தபோது அவர் 'அப்டேட் ஐயா' ஆகியிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் தன் படம் போட்ட அடையாள அட்டை. பட்டை நம்புகிறவர்களுக்கு, அட்டை சந்தேகப்படுகிறவர்களுக்கு. வலது கையில் பாக்கு அளவில் கறுப்புக் கல் வைத்த ஒரு மோதிரம்.

மூன்று நாள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். "பதியாத கம்பியூட்டர்களைப் புதிய அப்டேட் ஏற்றுக்கொள்ளாது. உள்ளே இருக்கும் படம், பத்திரம், பாடம் அனைத்தும் அழிந்துவிடும். அப்டேட் ஐயா நேரில் வருகிறார். தேசிய அடையாள அட்டையுடன் இரண்டு போட்டோக் கொப்பி கொண்டுவரவும்."

மற்றதெல்லாம் வெறும் அறிவித்தல். கடைசி வசனம்தான் மந்திரம். போட்டோக் கொப்பி கேட்கிறார்கள் என்றால் விசயம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

படிவம் நாலு பக்கம், மூன்று பிரதி, மூலையில் குண்டூசி. பெயர், கிராம அலுவலர் பிரிவு, குடும்ப உறுப்பினர் தொகை, இதுவரை இடம்பெயர்ந்த தடவைகள். கம்பியூட்டருக்கும் இடம்பெயர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி இல்லாத படிவத்தை எங்கள் சனம் நம்பாது. ஐயாத்துரை நாடி பிடிக்கத் தெரிந்தவர்.

முதலில் அருள்வாக்கு. நெல்லுக் கமக்காரரான தவராசா எழுந்து நின்றார்.

"ஐயா, இந்த அப்டேட் வந்தால் என்ர காணி எல்லைப் பிரச்சினை தீருமோ? பத்து வருசமாய் அலையிறன்."

"பதிஞ்சால் தீரும். பதியாட்டி இருக்கிற எல்லையும் நகரும்."

தவராசா உடனே பதிந்தார்.

விமலேஸ்வரி அக்காவுக்கு வேறு கவலை. "என்ர மகன் பிரான்சில இருந்து வீடியோவில எடுக்கிறவன். முகம் நிண்டு நிண்டு வருது ஐயா."

"புது அப்டேட்டில முகம் மட்டுமில்லை அம்மா. அவர் அங்க சமைக்கிற கறியின்ர வாசமும் வரும்."

"ஐயோ, அவன் சமைக்கிறது வாசம் வராமல் இருக்கிறதுதான் நல்லது," என்றா அக்கா. என்றாலும் பதிந்தா.

மூக்கன் வீட்டில் கம்பியூட்டரே இல்லை. அவர் டி.வி. ரிமோட்டைக் கொண்டு வந்திருந்தார். "இதிலயும் பட்டன் இருக்குதுங்க," என்றார். அதையும் பதிந்தார்கள். ஐயாவுக்கு மனசு பெரிது, பதிவுக் கட்டணம் ஐந்நூறு.

பிறகுதான் பெரிய பூசை. ஒவ்வொரு லப்டொப்பையும் திறந்து, திரையை எரியவிட்டு, ஐயாவுக்கு முன்னால் வைக்க வேண்டும். அவர் கண்ணை மூடி, வலது கையைக் கீபோர்ட்டின் ஓரமாக மெல்லக் கொண்டுபோவார். புதிய அப்டேட்டைத் தாங்கக்கூடிய கம்பியூட்டர் அப்படியே எரியும். தாங்காதது மயங்கும். மயங்குவது என்றால் திரை பட்டென்று இருண்டுவிடும். சனம் மூச்சை இழுக்கும். ஐயா பெருமூச்சு விடுவார். ஐயா கையை எடுக்க முன்னமே மயங்கியதை மூடி, சிவப்புப் பையில் போட்டு, வெளியே நின்ற வான் வண்டியில் ஏற்றுவார்கள். ஏழு நாள் பீடத்தில் வைத்துச் சாந்தி செய்ய வேண்டுமாம். மயங்கியதை இடையில் எழுப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம்.

பழனியாண்டியின் லப்டொப்புக்குப் பன்னிரண்டு வயது. ஏழு பட்டன் இல்லை, மூடி ஒரு பக்கம் ரப்பர் வளையத்தில் நின்றது. ஐயாவின் கை மேலால் போனது. திரை அசையவில்லை.

"சுத்த ஆத்மா," என்றார் ஐயா.

பழனியாண்டி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்.

அழகம்மா வந்தது பதினொரு மணிக்கு. மலையகத்திலிருந்து சின்ன வயதில் ஜெயபுரத்துக்கு வந்து, கூலிக்கு நாற்று நட்டே மகளை ஆளாக்கியவர். கொண்டுவந்த லப்டொப் மகள் கஜேந்தினியுடையது. கிளிநொச்சியில் ஒரு தையல் ஆலையில் இரண்டு வருடம் வேலைக்கு நின்று வாங்கியது. பூநகரிப் பக்கத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அறுபது வீடு ஏறிக் கேட்டு எழுதிய அறிக்கை அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாவிட்டால் டிப்ளோமா இன்னொரு வருடம் தள்ளிப்போகும். 'பாடம் அழிந்துவிடும்' என்று ஒலிபெருக்கி சொன்னதை அழகம்மா மூன்று நாளும் கேட்டிருந்தார். மகள் காலை பஸ்ஸில் பூநகரிக்குப் போனதும், அவளுக்கு ஒரு நல்லது செய்வதாக நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐயாவின் கை போனது. திரை இருண்டது.

"சாமி, உள்ள எம்மக படிப்பு இருக்கு."

"இருந்தது எண்டு சொல்லுங்கோ அம்மா. சாந்தி செய்தால் திரும்பி வரும். நாலாம் பக்கத்தில கையெழுத்து வையுங்கோ."

வைத்தார்.

ஒரு மணி பஸ்ஸில் கஜேந்தினி வந்து இறங்கினாள். விமலேஸ்வரி அக்கா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தா: "பிள்ளை, உம்மட பெட்டி மயங்கிப்போச்சு." தரிப்பிடத்திலிருந்து மண்டபம் வரை அவள் ஓடித்தான் வந்தாள்.

"அம்மா, லப்டொப் எங்க?"

"மெதுவா பேசு புள்ள. வான்ல படுத்திருக்கு. மயங்கிருச்சி."

"லப்டொப்புக்கு மயக்கமோ? காலைமை சாப்பிடேல்லையாமோ?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்தது பாவமோ என்று வாயைப் பொத்தினார்கள்.

கஜேந்தினி சத்தம் போடவில்லை. ஓரமாக நின்று பார்த்தாள். அரை மணி நேரத்தில் ஆறு லப்டொப் வந்தன. புதிய நாலும் மயங்கின. கிழட்டு இரண்டும் தேறின. புதிய அப்டேட்டைப் புதியதுகள் தாங்காதாம், உக்கியதுகள் தாங்குமாம். அங்கே நின்ற நூறு பேருக்கும் அது தெரிந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். கை எப்போதும் வலது கை. போகிற இடம் எப்போதும் கீபோர்ட்டின் இடது ஓரம்.

அவளுக்குப் பழைய சம்பவமொன்று நினைவுக்கு வந்தது. காந்தப் பூட்டு வைத்த அவளுடைய கைப்பை ஒருநாள் அதே ஓரத்தில் கிடந்தபோது திரை இருண்டு, அறிக்கை போய்விட்டதென்று அரை மணி நேரம் அழுதிருக்கிறாள். பையை எடுத்ததும் வெளிச்சம் வந்தது.

அவள் முன்னால் போனாள்.

"ஐயா, இடது கையால ஒருக்கால் செய்து காட்டுங்கோவன்."

"இடது கை அசுத்தம் தங்கச்சி."

"அப்ப வலது கையாலயே செய்யுங்கோ. மோதிரத்தை மட்டும் கழட்டிப்போட்டு."

ஐயாவின் முகம் ஒரு நொடி லப்டொப்பைப் போல இருண்டு எரிந்தது. "இது குரு தந்தது. கழட்டினால் இந்த ஊருக்கு ஆகாது."

தவராசாவுக்குப் பதற்றம். "பிள்ளை, அவரோட வாதாடாதையும். கோவிச்சுக்கொண்டு போனால் எங்கட ஊர் பதியாத ஊராய்ப் போயிடும்."

பதியாத ஊர். வன்னியில் இதைவிடப் பெரிய சாபம் இல்லை. நூறு தலைகள் ஒன்றாக ஆடின. அழகம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் புள்ள. இருக்கிறதும் போயிரும்."

கஜேந்தினி தலையைக் குனிந்தாள். குரலை இறக்கினாள். "சரி ஐயா, பிழைதான். திங்கக்கிழமை அறிக்கை குடுக்கவேணும். தாள் குத்துறதுக்கு வைச்சிருக்கிற இந்தக் குண்டூசியையாவது தடவி ஆசீர்வதிச்சுத் தாங்கோ."

பணிந்து வந்த பெண்ணைக் கண்டால் எந்தச் சித்தருக்கும் உச்சி குளிரும். ஐயா புன்னகைத்தார். அவள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பெட்டி திறந்திருந்தது. வலது கையை மேலே வைத்தார்.

கையை எடுத்தபோது குண்டூசிகளும் கூடவே வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல. மோதிரம் முழுக்கக் குத்திட்டு நின்று, ஒரு குட்டி முள்ளம்பன்றி ஐயாவின் விரலில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. ஐயா கையை உதறினார். முள்ளம்பன்றி இறங்கவில்லை.

வரிசை குலைந்து மேசையைச் சுற்றி வந்தது.

"இது அருளின்ர ஈர்ப்பு," என்றார் ஐயா.

"அப்ப என்ர கைப்பையும் சித்தர்தான்," என்றாள் கஜேந்தினி. வானுக்குப் போய்ச் சிவப்புப் பையைப் பிரித்துத் தன் லப்டொப்பை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினாள். திரை எரிந்தது. அறிக்கை, அறுபது வீடும், அப்படியே இருந்தது. இடது ஓரத்தில் கைப்பையை வைத்தாள். இருட்டு. எடுத்தாள். வெளிச்சம். மூன்று தரம் செய்து காட்டினாள்.

"மூடிக்குள்ள சின்னக் காந்தம் ஒண்டு இருக்கு. மூடினால், கீழ இருக்கிற பகுதி அதை உணர்ந்து திரையை அணைக்கும். இவர் மோதிரத்தைக் கிட்டக் கொண்டுபோக, மூடியாச்செண்டு நினைச்சு அது நித்திரை கொள்ளுது. இங்க வந்த பழசுகளில அந்த ஏற்பாடு இல்லை. அதுதான் அதுகள் மயங்கேல்லை."

பழனியாண்டியின் முகம் வாடியது. "அப்ப என் பொட்டி சுத்த ஆத்மா இல்லியாம்மா?"

"இல்லை மாமா. பழசு."

அடுத்ததாக மேசையிலிருந்த அம்மாவின் படிவத்தில் நாலாம் பக்கத்தைப் புரட்டி உரத்து வாசித்தாள். எறும்பு அளவு எழுத்து. 'மேற்படி கருவியை நான் மனமுவந்து அப்டேட் பீடத்துக்கு அன்பளிப்பாக வழங்குகிறேன். திருப்பிக் கேட்கமாட்டேன்.' கீழே அழகம்மாவின் கையெழுத்து. மற்றப் படிவங்களில் இன்னும் பதினேழு பேருடைய கையெழுத்து. இடம்பெயர்ந்த தடவைகளைச் சரியாக எண்ணி எழுதிய அத்தனை பேரும் இந்த இரண்டு வரியைத் தாண்டி வந்திருந்தார்கள்.

அழகம்மா ஐயாவின் மேசைக்குப் போய், தன் படிவத்தை எடுத்து நாலாக, எட்டாகக் கிழித்தார். "நல்லா கும்புட்டேன் சாமி," என்றார்.

அதற்குள் சனம் வானிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டது. வான்காரர் கண்ணாடியை இறக்கி, "நான் வாடகை ஓட்டம் அண்ணை, சாந்தி பூந்தி எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். ஐயா பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். எங்கள் பாதையில் பஸ் எப்போது வரும் என்று அருள்வாக்கு சொல்ல எந்தச் சித்தராலும் முடியாது. அன்று இரண்டரை மணி நேரம் வரவில்லை. ஐயா வெயிலில் நின்றார். அவருக்கு முன்னால் செருப்புகள், செங்கற்கள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு முறிந்த மண்வெட்டிப் பிடி. பதிவுக் கட்டணத்தைத் திருப்பி வாங்குகிற வரிசை. ரிமோட்டோடு மூக்கனும் நின்றார்.

மண்டபத்தில் விமலேஸ்வரி அக்கா கஜேந்தினியின் கைப்பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

"அக்கா, அது புதுக்குடியிருப்புச் சந்தையில வாங்கினது."

"அங்க இன்னும் இருக்குமோ பிள்ளை?"

அறிக்கை திங்கட்கிழமை போனது. இரண்டு மாதம் கழித்து அப்டேட்டும் வந்தது. பதிந்த கம்பியூட்டருக்கும் வந்தது, பதியாததற்கும் வந்தது. பழனியாண்டியின் சுத்த ஆத்மாவுக்கு மட்டும் வரவில்லை. தவராசாவின் மகனுடைய லப்டொப்பில் முக்கால் மணி நேரம் வட்டம் சுற்றி, கடைசியில் ஒரு பட்டன் இடம் மாறி, திரையில் தெரியும் பெட்டிகளின் மூலைகள் கொஞ்சம் உருண்டிருந்தன. காணி எல்லை அங்கேயேதான் இருந்தது. "இதுக்கோ கல்லு வைச்சு நிண்டனாங்கள்," என்றார் தவராசா.

அதற்கு முன்னால் திரை அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. நாற்பது பக்க நிபந்தனை. கீழே ஒரு பட்டன்: 'முழுவதும் வாசித்தேன், சம்மதம்.' தவராசா ஒரு வரியும் வாசிக்காமல் அழுத்தினார். சிரிக்காதீர்கள். நீங்களும் அழுத்தியவர்தான். ஐயாத்துரைக்கு அது தெரியும். அவர் இப்போது வேறெங்கோ படிவம் அச்சடித்துக்கொண்டிருப்பார், இம்முறை ஐந்து பக்கத்தில். குண்டூசிப் பெட்டியோடு கஜேந்தினி எல்லா ஊருக்கும் பஸ் ஏறி வரமாட்டாள். கல்லை வைக்க முன்னம் கடைசிப் பக்கத்தை நீங்களே ஒருக்கால் புரட்டிப் பாருங்கள்.