லென்ஸைக் காக்கும் பூதம்

காமிரா வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. படம் எடுப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நமக்கென்ன, எடுத்துவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது மற்ற வகையை: காமிராவை வாங்கிய நாளிலிருந்து அதைக் காப்பாற்றுவதே வேலையாக இருப்பவர்கள். புதையலைப் பூதம் காக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். நம்பாதவர்கள் எங்கள் மாடிவீட்டுக்காரரை வந்து பார்க்கலாம்.

அவர் வீட்டில் ஏசி போட்ட அறை ஒன்றுதான். அதில் காமிரா இருக்கிறது. மனிதர்கள் ஹாலில், கிறீச்சிடும் மின்விசிறிக்கடியில் படுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி, அதற்குள் ஈரப்பதம் காட்டும் முள், ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள், நடுவில் கறுப்பாக அது. பெட்டி வைத்த அலமாரியில் முன்பு அவர் மனைவியின் துணிமணிகள் இருந்தன. அவை இப்போது கட்டிலுக்கடியில் சூட்கேஸில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஈரம் ஆகுமா ஆகாதா என்று இதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அபிஷேகம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அடுப்பில் எதையும் தாளிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டு, கையை இரண்டு முறை கழுவி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கித் தூசியை ஊதி, தூரிகையால் தடவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும்.

கடைசியில் படம் ஒன்று எடுப்பார். காமிராவால் அல்ல, காமிராவை. போனில் எடுத்து, தன்னைப் போன்றவர்கள் கூடியிருக்கும் குழுவுக்கு அனுப்புவார். "தூசே இல்ல சார்," என்று பதில் வரும். ஜென்மம் சாபல்யம். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர், தெரியாத்தனமாக, காமிராவில் எடுத்த குருவிப் படத்தை அங்கே போட்டுவிட்டார். "அய்யய்யோ, வெளிய எடுத்துட்டா போனீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்வியில், பச்சைக்குழந்தையை மழையில் தூக்கிக்கொண்டு போனவரைப் போல அவர் குறுகி, அன்றே குழுவைவிட்டு விலகினார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு மாமனார் வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். மகளுக்கு ஒரே ஆசை. "அப்பாவுக்குன்னு ஒரு போட்டோ கூட இல்லைங்க. எல்லாத்துலயும் கூட்டத்துக்குப் பின்னாடி பாதித் தலை. நீங்க ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"அதுக்கென்ன, எடுத்துடலாம்," என்றார் நம்மவர்.

எடுத்தாரா? முதலில் மழை, காற்றில் ஈரம், ஆகாது. மழை விட்டது, வெயில் கடுமை, ஆகாது. மேகம் வந்தது, தெருவில் பள்ளம் தோண்டினார்கள், தூசி, ஆகவே ஆகாது. எல்லாம் கூடிவந்தபோது பேட்டரியில் சார்ஜ் இல்லை. பேட்டரியை உள்ளே விட்டால் காமிராவுக்குக் கெடுதல் என்று அதைத் தனியே கழற்றிப் பூட்டிவைத்திருந்தார். மாமனாரோ தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலையைப் படிய வாரி, ஜன்னலோரம் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. அன்று காமிரா நிஜமாகவே வெளியே வந்தது. ஆனால் பிளாஸ்டிக் பையோடு. குளிர் அறையிலிருந்து வந்தது அல்லவா, வெளிச்சூடு பழகும்முன் பிரித்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

"மாப்பிள்ளே, எப்ப சிரிக்கணும்னு சொல்லுங்க. வாய் வலிக்குது."

"பொறுங்க மாமா. அதுக்கு இன்னும் இந்த இடம் பழகல."

"நானே பழகிட்டேன், அதுக்கென்னவாம்?"

பழகியது. பையைப் பிரித்தார். படம் எடுக்குமுன் துடைக்க வேண்டாமா? துடைத்தார். துடைத்ததைக் குழு பார்க்க வேண்டாமா? மேஜையில் வைத்து, போனில் எடுத்து அனுப்பினார். உடனே ஒருவர் கேட்டார்: "லென்ஸ் ஓரத்துல ஒரு புள்ளி தெரியுதே சார். பூஞ்சையா இருக்கப் போகுது."

பூஞ்சை! நம்மவருக்கு முகம் வெளுத்துவிட்டது. டார்ச் எங்கே, துணி எங்கே, பந்து எங்கே? வாசலில் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தது. மாமனார் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டார். "அடுத்த தடவை ஜமாய்ச்சிடலாம் மாமா," என்றார் இவர், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த தடவை வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்கம் கேட்க நான் போனபோது, அந்தம்மாள் சுவரில் மாட்ட ஒரு படத்துக்காகக் கணவரின் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். முன்பக்கக் காமிரா, பக்கவாட்டில் காமிரா, பெட்டிக்குள் காமிரா. ஒரு படத்தில் கை நின்றது. இரண்டு விரலால் விரித்தார். இன்னும் விரித்தார். பிறகு எங்களிடம் காட்டினார்.

லென்ஸ் ஓரத்துப் புள்ளி. அதில் பிரதிபலிப்பாக ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, முழங்கால்மேல் இரு கைகளையும் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு மனிதர். போனைத் தூக்கியதும் தன்னைத்தான் எடுக்கிறார் என்று நினைத்துவிட்டார் போலும். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றார் அந்தம்மாள்.

நம்மவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அப்ப அது பூஞ்சை இல்ல," என்றார்.

அந்தப் படம்தான் இப்போது அவர்கள் ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. காமிராவுக்கு ஏன் மாலை போட்டிருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் விழிக்கிறார்கள். அந்தம்மாள் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்கிறார்.

நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. இருக்கட்டும். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பாலிதீன் உறையைக் கழற்றிவிட்டீர்களா? விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த தட்டுகளில் நீங்கள் என்றைக்காவது சாப்பிட்டதுண்டா? நல்ல நாளுக்காக மடித்துவைத்த சட்டை இன்னும் உங்களுக்குப் பத்துமா? பதில் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். குருவிப் படம் போட்டவர் விலகியதிலிருந்து அந்தக் குழுவில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.