அரைமைல் பிரதட்சிணம்

வைட்ஃபீல்ட்,
11-12-1958

பூஜ்யரான அத்திம்பேருக்குச் சந்தானம் நமஸ்காரம் செய்து எழுதுவது. ரமாவும் குழந்தைகளும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி தணிந்ததா? என் முழங்கால்களுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவற்றை இப்போது ஊரே பார்க்கிறது.

ஜூன் மாதம் எங்கள் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் தாவணகெரேக்கு மாற்றலாகிப் போனார். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "வட்டம், சுற்றளவெல்லாம் உம்ம சப்ஜெக்ட்தானே, ஓட்டப்பந்தயத்தையும் நீரே பாத்துக்கோளும்" என்றார். கணக்கு வாத்தியாருக்கு நாற்பத்துநாலு வயதில் அரை டிராயர். முதல்நாள் சிரிக்க ஆரம்பித்த ரமா தீபாவளிக்குத்தான் நிறுத்தினாள்.

எங்கள் மைதானத்து நடுவில் அரசமரமும் நாகர்கல்லும் உண்டு. அதைச் சுற்றி இருநூற்றிருபது கெஜத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன், ஓர் அங்குலம் பிசகில்லை. எந்தப் பக்கமாக ஓடுவது என்று யாரும் கேட்கவில்லை. நாகரைச் சுற்றுகிறவன் வலமாகத்தானே சுற்றுவான்? ஆறு மாதம் அப்படியே ஓடவிட்டேன். பத்தாவது படிக்கும் முனிகிருஷ்ணன் அரைமைலை இரண்டு நிமிஷம் பன்னிரண்டு செகண்டில் முடிக்கிறான், அத்திம்பேர். அதுவும் வெறுங்காலோடு.

போன சனிக்கிழமை பெங்களூரில் ஜில்லாப் பந்தயம். ஓட்டத்தைத் தொடங்கிவைக்க வந்தவர், துப்பாக்கி வெடிக்க மறுத்ததால் அதையே தட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழு பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, முனிகிருஷ்ணன் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றான். பாவம், பட்டணத்துப் பையன்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். துப்பாக்கி வெடித்தது. ஏழு பேரும் எதிரே வரும்போதெல்லாம் இவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான், அப்படியும் பத்து கெஜம் முந்தி, கயிற்றை மறுபக்கத்திலிருந்து அறுத்தான். நடுவராக வந்த ரிடையர்ட் மேஜர் செல்லாது என்றார். எப்படிச் சுற்றினாலும் சுற்றளவு ஒன்றே என்று அவர் மேஜைமேலேயே கணக்குப் போட்டு நிரூபித்தேன். அவர் ரூல் புஸ்தகத்தைப் பிரித்து, இடது கை உள்பக்கம் இருக்கவேண்டும் என்ற வரியைக் காட்டினார். "பிரதட்சிணத்துக்குப் புண்ணியம்தான் ஓய் கிடைக்கும், கப்பு கிடைக்காது" என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்பிரதட்சிணமாக ஓடிப் பழகடா என்றால், "நாகப்பனை அப்படிச் சுத்தினா எங்கம்மா சோறு போடாது ஸார்" என்கிறான் முனிகிருஷ்ணன். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆகையால் ஸ்கூலுக்குப் பின்னாலிருக்கும் கரட்டு நிலத்தில் நானும் பையன்களும் நாலு நாளாகக் கல் பொறுக்கி, நாகர் இல்லாத புதுக் கோடு போட்டிருக்கிறோம். முதுகு விட்டுப்போச்சு. வித்யா இலாகா டெபுடி டைரக்டர் உங்களோடு படித்தவர். ஒரு வார்த்தை சொல்லி, வேறு டிரில் மாஸ்டரைப் போட்டு எனக்கு விமோசனம் வாங்கித் தரவேண்டும். இனிமேல் என்னால் ஒருநாளும் ஆகாது.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சந்தானம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் சமயத்தில் பியூன் ஹெட்மாஸ்டரின் சீட்டைக் கொண்டுவந்தான். திங்கட்கிழமை புது டிரில் மாஸ்டர் வருகிறாராம், எனக்கு விடுதலையாம். படித்ததிலிருந்து சாதம் இறங்கவில்லை. இன்று காலை முனிகிருஷ்ணன் புதுக் கோட்டில் இடப்பக்கமாக ஓடினான், இரண்டு நிமிஷம் பதினொன்று. இதைக் கண்டவுடனே டெபுடி டைரக்டரைப் பார்த்து, வரப்போகிற மகானுபாவரை வேறு எந்தத் தாலுகாவுக்காவது அனுப்பச் சொல்லவும். விசிலை ஒப்படைக்கும்படி சீட்டில் எழுதியிருக்கிறது. தொலைந்துவிட்டது என்று பதில் எழுதிவிட்டு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.