ஆர்கன் வாசிப்பாள், நீந்துவாள், மீன் ஆய்வாள்

பட்டினப்பாக்கம்,
ஞாயிறு, பூசை முடிந்து மத்தியானம்.

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அப்பா லாசர் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அம்மாவும் ஆட்டோவும் சுகம். ஆட்டோவுக்கு மட்டும் ரிவர்ஸ் விழவில்லை. அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஒரு வருடத் தொண்டுக்கு வந்தவர்களுக்கு முதல் மாதம் கைப்பேசி கிடையாது, வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல்தான் என்று உங்கள் கோயிலில் சட்டம் போட்டிருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். சுந்தரராமன் சார் இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

உன் மின்னஞ்சலை நேற்று மந்தைவெளி சிக்னலில் சார்தான் பின்சீட்டிலிருந்து படித்துக் காட்டினார். "அப்பா, இங்கே எல்லாருக்கும் என்னைப் பற்றி எனக்கே தெரியாததெல்லாம் தெரிந்திருக்கிறது, எப்படி என்றுதான் புரியவில்லை" என்று எழுதியிருந்தாய். சார் படிப்பதை நிறுத்திவிட்டார். நான் ஆட்டோவை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தை கூட அநியாயம் இல்லை. எப்படி என்று எனக்குத் தெரியும் மகளே. சாருக்கும் தெரியும். எழுதியது நாங்கள்தான்.

நீ விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னிடம் கொடுத்தாய் அல்லவா, அன்றைக்குச் சார் தன் மனைவி ஹம்சா மாமியை, அவர் ஆர்மோனியம் சொல்லித்தரும் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு என் வண்டியில்தான் வந்தார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், படிவத்தைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார். "என்ன லாசர், 'வேறு திறமைகள்'னு ஒரு கட்டம் இருக்கு, காலியா விட்டிருக்காளே! அவா பாத்தா பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுண்டுடுவா" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சார் எழுதலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன். "எங்க நீரஜாவுக்கு வரன் பாத்தப்போ என்ன எழுதினோம்? பாட்டு, வீணை, நீச்சல், கார் டிரைவிங். அவளுக்குக் கார்ல ஏறினாலே வாந்தி வரும். யாராவது கேட்டாளா? நன்னா குடித்தனம் பண்ணிண்டிருக்கா" என்றார். நியாயமாகப் பட்டது. நம் ஊரில் பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள், தெரியும் என்போம், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். காகிதத்தில் எழுதியதை அப்படியே நம்பி மறுநாள் காலையில் வேலைக்குக் கூப்பிடும் ஊரும் உலகத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது வயதில் பாடகர் குழு கீபோர்டில் நீ இரண்டு விரலை வைத்தாய், அதை ஆர்கன் என்று எழுதினோம். போன ஞாயிறு உன்னைக் குழாய் குழாயாக இருக்கும் அந்தப் பெரிய ஆர்கன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்களாமே! நீ ஒரு கட்டையை அழுத்த, அது ஊர் அதிர முழங்க, சபை முழுக்க எழுந்து நிற்க, நீ பயந்து கையை எடுக்க, சபை உட்கார, இப்படியே நான்கு தடவை அந்த வயதானவர்களை எழுப்பி உட்கார வைத்திருக்கிறாய். கடலோரத்துப் பெண் என்று நீச்சல் எழுதினோம். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்க உன்னை நான் விட்டதில்லை என்பதை மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பாட்டிமாருக்கு நீச்சல் சொல்லித்தரப் போய், குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உனக்கு எண்பத்திரண்டு வயது அம்மாள் மிதக்கக் கற்றுக்கொடுத்தார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. டிரைவிங்கும் எழுதியிருந்தோம், புதன்கிழமை வேன் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரன் மகளுக்கு ஹாரன் மட்டும் தெரியும். அதை அடித்தாய். அந்தத் தெருவில் ஹாரன் சத்தமே கேட்டதில்லை போலிருக்கிறது, யாருக்கு என்ன ஆபத்து என்று ஆறு வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை விஷயம்தான் என் நெஞ்சில் நிற்கிறது. மீன்காரி மகள் என்று, மீன் ஆய்ந்து சுத்தம் செய்வாள் என்றும் எழுதியிருந்தோம். வாராவாரம் நாற்பது முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு, அதற்குப் படகுக்காரர் ஒருவர் ஒரு பெட்டி முழு மீன் கொடுத்தார், ஃபாதர் டங்கன் "நம்மிடம் ஜாஸ்மின் இருக்கிறாளே" என்று கை தட்டினார், நீ பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, குளியலறைக்குள் போய் அழுதாய். தலைவலி என்று சொல்லித் தப்பித்தாய். அன்றைக்கு அவர்கள் ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமையும் மீன் வருகிறது. "என்னால் முடியாது அப்பா, நான் ஏமாற்றுக்காரி மாதிரி நிற்கிறேன், வியாழனுக்குள் ஃபாதரிடம் சொல்லிவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன்" என்று முடித்திருந்தாய். நீ ஏமாற்றுக்காரி இல்லை மகளே. அந்தப் பட்டம் எனக்குரியது. நீ வந்துவிடு. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன், ரிவர்ஸ் இல்லாமலே வருகிறேன்.

இதை உன் அம்மாவிடம் சொல்லும்போது அவள் மீன் கடையில் இருந்தாள். வஞ்சிரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யோவ், மெதுவா பேசு. வசந்தி பொண்ணுக்கு மீன் ஆயத் தெரியாதுன்னு மார்க்கெட்டுல காதுல வுழுந்தா நான் கடை போட முடியுமா?" என்றாள். பிறகு வஞ்சிரத்தைப் பலகையில் வைத்தாள். "நான்தான்யா தொட வுடல. மீன் வாசன இல்லாத வேலைக்குப் போவட்டும்னு அருவாமனையவே ஒளிச்சு வெச்சேன். இப்ப அது அங்க தனியா அழுதுக்கினு கீது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் செதில் இருந்ததால் கண் இன்னும் சிவந்துபோனது. பக்கத்துக் கடை முத்தம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததும் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னா எழுதிக்கினு கீற? மன்னிப்பு கேட்டது போதும், நான் சொல்றத எழுது" என்றாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "மொதல்ல செவுளத் தூக்கிப் பாரு, செவப்பா இருந்தா நல்ல மீனு. கல்லுப்பத் தொட்டுக்கினு வாலப் புடி, வழுக்காது. வாலுலருந்து தலப் பக்கமா சொரண்டு. செதில் மூஞ்சில அடிக்கும், அடிக்கட்டும். துடுப்ப வெட்டு. வவுத்த அடிலருந்து செவுள் வரைக்கும் மேலாக்கக் கீறு, ஆழமாப் போவாத, பித்தப்பை ஒடஞ்சா கசக்கும். ரெண்டு விரல வுட்டு எல்லாத்தையும் ஒரே இழுப்பா இழு. மீனு உன்னியே பாத்துக்கினு கீற மாதிரி இருக்கும், நீ அத்தப் பாக்காத. மொத மீனு நாசமாப் போவும், ரெண்டாவதும் போவும். எனுக்கும் அப்படித்தான் போச்சு."

இதை எழுதி முடித்தபோது எனக்கே மீன் ஆயக் கை துறுதுறு என்றது. இருந்தாலும் முடிவு உன்னுடையது. ஃபாதர் டங்கனுக்கு நானும் சாரும் சேர்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் இங்கிலீஷில் எழுதியிருக்கிறோம், இதோடு அனுப்புகிறோம். பொய் சொன்னது தகப்பன், பெண்ணுக்கு அதில் பங்கு கிடையாது என்று தெளிவாக இருக்கிறது. இனி உன் பேரில் ஒரு பொய்யும் மிச்சமில்லை. மனசு லேசாகிவிட்டது. நீ தலை நிமிர்ந்து ஊருக்கு வந்துவிடு.

அங்கே உன்னைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் எங்கள் வணக்கம். மிதக்கக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம் கூடுதல். மாதா தன் முந்தானையால் உன்னைப் போர்த்திக் காக்கட்டும், உள்ளே ஸ்வெட்டரும் போட்டுக்கொள்.

உன் பாசமுள்ள அப்பா,
லாசர்

பி.கு.: படம் பிடிக்க வந்த சுந்தரராமன் சார், படிவத்தின் நகலைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு கேள்வி இருந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்: 'வருடக் கடைசி விழாவில் உங்கள் குடும்பம் என்ன செய்யும்?' அதற்கு, 'தந்தை ஆர்கன் வாசிப்பார், தாய் சபை முழுவதற்கும் மீன் குழம்பு வைப்பார்' என்று சாரின் அழகான கையெழுத்தில் இருக்கிறது. ஹம்சா மாமி விஷயம் கேட்டு, "நாளைலேர்ந்து என் ஆர்மோனியத்துக்கு முன்னாடி வந்து ஒக்காருங்கோ லாசர், ஒரு வருஷம் இருக்கே" என்று சொல்லிவிட்டார். நாளைக்குப் போகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம். படிவத்தை இந்த முறை நாங்களே நிரப்புவோம்.

மேலே இரண்டு இடத்தில் 'வந்துவிடு' என்று எழுதியிருந்தேன், அம்மா இரண்டையும் அடித்துவிட்டாள். படத்தில் அங்கங்கே மினுமினுப்பது அவள் கையிலிருந்த செதில். மன்னிப்புக் கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள். "உண்மைய அவளே சொல்லட்டும், வெள்ளிக்கெழம மீன ஆஞ்சு முடிச்சுட்டு" என்கிறாள்.