மாமனாரின் வால்

கல்யாணமான புதிதில் மயிலாப்பூர் புகுந்த வீட்டில் நான் இரண்டு பொய்கள் சொல்லியிருந்தேன். சமையல் தெரியும் என்பது ஒன்று. அது முதல் வத்தக்குழம்பிலேயே அம்பலமாகிவிட்டது. கம்ப்யூட்டர் தெரியும் என்பது இன்னொன்று. அது எட்டு மாதம் தாங்கியது. (ஆறு மாத டிப்ளமா கையில் இருந்ததே! சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.)

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதே, அமெரிக்காவில் இருந்த என் கணவரின் அண்ணாவோடு மெயிலில் பேசத்தான். அவருக்குப் பெண் பிறந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. பேத்தியை இன்னும் நேரில் பார்க்காத மாமியாருக்கு, மாமனார் ஞாயிறுதோறும் அந்தக் கடிதங்களை முதலிலிருந்து வாசித்துக் காட்டுவார். அவர் மீது எனக்கு ஒரே குறைதான். பதில் போடும்போது பழைய கடிதங்களைக் கீழே அப்படியே விட்டுவிட்டு, மேலே நாலு வரி எழுதி அனுப்புவார். மகனும் சோம்பல்பட்டு அதன் மேலேயே எழுதுவார். கடிதம் அனுமார் வாலாக நீண்டுகொண்டே போனது. வாலை நறுக்குங்கள் அப்பா, டிஸ்க் நிரம்புகிறது என்று தினம் உபதேசம் செய்வேன்.

"முப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்தவன்மா நான். கீழே பழைய காகிதம் இல்லாம மேலே கையெழுத்துப் போட மாட்டேன்" என்பார்.

ஒருநாள் டிஸ்க் நிரம்பியே விட்டது. (நிரப்பியது குழந்தையின் படங்கள், பழி வாலுக்கு.) இன்னொரு டிஸ்க் போட்டு மெயிலை அதற்கு மாற்றிவிடலாம் என்றேன். டிஸ்க் விற்ற ரிச்சி தெருக் கடைக்காரர் மாட்டித் தர ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். பேசியது டிப்ளமா.

மாட்டியும் விட்டேன். முன்பு திரையில் பழைய டிஸ்க்கின் இரண்டு பாகங்கள் C, D என்று இருந்தன, மெயில் D-யில். இப்போது C, D, E. புதிதாக வந்தது E என்று எல்.கே.ஜி. குழந்தைகூடச் சொல்லும். புது டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று படித்திருந்தேன். எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று இயந்திரம் மரியாதையாகத்தான் கேட்டது. காலி டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது என்று Y தட்டினேன்.

பிறகு மெயிலை எடுக்க D-யைத் திறந்தால், துடைத்து வைத்தாற்போல் காலி. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"புதுசு நடுவுல பூந்துக்கும் மேடம். உங்க பழைய D-தான் இப்போ E-யா கீது. அதுல கை வெச்சிராதீங்க" என்றார்.

வைத்தாகிவிட்டது என்றேன். அப்படியானால் இனி வராது என்றார். பந்தியில் புது ஆள் நடுவில் உட்கார, பழையவர் ஓர் இலை தள்ளிப் போயிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய இலையை நான் எடுத்துவிட்டேன்.

கே.கே. நகரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு எந்த பஸ் என்று யோசித்தபடியே மாமனாரிடம் போய்ச் சொன்னேன். பேத்தி பிறந்த செய்தி, முதல் சிரிப்பு, முதல் பல், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று சொல்லும்போது அழுதே விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அழாதேம்மா. போன வாரம் நான் போட்ட பதில் அவன்கிட்ட இருக்குமோல்லியோ?"

"இருக்கும்பா."

"அதுக்குக் கீழே எல்லாம் இருக்குமே. நீ நறுக்கச் சொன்ன வால்தான்."

மறுநாள் வால் முழுசாக வந்து சேர்ந்தது. படங்களையும் அண்ணா மறுபடி அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாத மாமனாரை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. அன்று அவர் ஒரு அதட்டல் போட்டிருந்தால், அந்த வீடு எனக்கு என் வீடாக ஆகியிருக்காது.

ஒரே சிக்கல், வால் தலைகீழ். மேலே புதுக் கடிதம், அடியில் பழையது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வாசிக்க வாசிக்க, குழந்தை முதலில் நடந்தது, பிறகு தவழ்ந்தது, இருந்த பல் போயிற்று, குப்புறக் கவிழ்ந்தது. கடைசியில்தான் பெண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம் என்று வந்தது.

"அப்பாடா, ஒரு வழியா பொறந்துட்டா" என்றார் மாமியார்.

அந்தப் பெண்ணுக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்தபோது என்னை இப்படித்தான் அறிமுகம் செய்தாள்:

"இதான் என் சித்தி. என்னை மொத்தமா அழிச்சுட்டா. தாத்தாதான் வாலைப் பிடிச்சு வெளியில இழுத்தார்."