வெயிலண்ணனிடம் லேப்டாப் வாங்குவது எப்படி

தேனி மாவட்டத்து வெயிலில் வத்தல் காயும், மிளகாய் காயும், திராட்சை பழுக்கும். ஆனால் அந்த வெயிலை வைத்து லேப்டாப் விற்ற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கடையில் இருந்தார்.

பழனிசெட்டிபட்டியில் கம்பம் ரோட்டை ஒட்டிய கம்ப்யூட்டர் கடை. நான் அங்கே சேல்ஸில் நான்கு வருடம் நின்றேன். அவர் எனக்குப் பத்து வருடம் முன்பிருந்தே நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது முதலாளிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அவர் வெயிலண்ணன்.

லேப்டாப் திரையில் இரண்டு ரகம் இருக்கிறது. கிளாஸி என்பது பளபளப்பானது. நிறமெல்லாம் முகூர்த்தப் பட்டு மாதிரி ஜொலிக்கும். கூடவே ஜன்னல், டியூப் லைட், நம்முடைய மூஞ்சி எல்லாமும் அதில் தெரியும். மேட் என்பது பளபளப்பு இல்லாதது. நிறம் கொஞ்சம் சோகையாக இருக்கும், ஆனால் எதுவும் எதிரொளிக்காது. உலகத்தில் மற்றவர்கள் இதை அவரவர் விருப்பம் என்று நினைக்கிறார்கள். வெயிலண்ணன் இதை ஒழுக்கம் என்று நினைத்தார்.

வாடிக்கையாளர் ஆசையாகக் கிளாஸியைக் கை காட்டினால் போதும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். உச்சி வெயிலில் நிற்கிற ஏதாவது ஒரு பைக் சீட்டில் அதைத் திறந்து வைப்பார். பைக் யாருடையது என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே சார்."

"நல்லா உத்துப் பாருங்க."

"என் மூஞ்சி தெரியுது."

"ஒங்க மூஞ்சியப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீக? வீட்டுல கண்ணாடி இல்லையா?"

வந்தவர் வேர்த்து விறுவிறுத்து மேட்டை வாங்கிக்கொண்டு போவார். பாதிப் பேர் வெயில் தாங்காமல் வாங்கினார்கள் என்பது என் கணிப்பு. ஒரு வாத்தியார் மட்டும் துணிந்து கேட்டார்: "நான் எதுக்கு சார் நடுரோட்டுல வச்சு லேப்டாப் பாக்கப் போறேன்?"

"இன்னைக்குப் பாக்க மாட்டீக. நாளைக்கே ஒரு அவசரம்னா?"

அது என்ன மாதிரி அவசரம் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. குமுளிப் பக்கத்திலிருந்து வந்த மலையாளி ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர், "சேட்டா, எங்க நாட்டுல ஆறு மாசம் மழையாணு. வெயில் எவிடெ?" என்று மன்றாடினார். "மழை விட்டா வெயில்தான?" என்று அவரையும் ரோட்டுக்கு இழுத்துப் போனார்.

ரோட்டில் தப்பித்தவர்களுக்கு உள்ளே விசாரணை இருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம், லைட்டு எங்கன, உட்கார்ந்தால் முகம் எங்கிட்டுப் பார்க்கும் என்று கேட்டு, பில்லின் பின்பக்கத்தில் வீட்டையே வரைந்துவிடுவார். வாஸ்து பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்ட போடிக்காரக் குடும்பம் ஒன்று, அடுப்படியை எங்கே வைக்கலாம் என்று பயபக்தியோடு கேட்டது. "எங்கன வேணும்னாலும் வைங்க. லேப்டாப்புக்கு எதுக்க மட்டும் வேணாம்" என்றார்.

சட்டை விஷயத்துக்கு வந்தால் அது தனிக் கூத்து. வருடம் முழுவதும் கறுப்புச் சட்டைதான் போடுவார். வெள்ளைச் சட்டை போட்டால் திரையில் அதுதான் பளிச்சென்று தெரியுமாம். நம் ஊரோ சபரிமலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. சித்திரை மாதத்திலும் கறுப்போடு நிற்கிறவரைப் பார்த்து ஊரே "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தது. டீக்கடையில் அவருக்கு மட்டும் டம்ளரைக் கழுவித் தருவார்கள். அவரும் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். பளபளப்பு ஆகாது என்பதால் வாழையிலையைக் கூடத் திருப்பிப் போட்டுத்தான் சாப்பிடுவார் என்று ஒரு வதந்தி உண்டு. அதைக் கிளப்பியது நான்தான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அவர் கட்டாயப்படுத்தி விற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் மேட் திரையின் ஓரத்தைப் பிளேடால் நோண்டிய நிலையில் கொண்டுவந்தார். புதுச் சாமான் என்றால் மேலே ஒரு கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும் அல்லவா. அதைக் கடைக்காரர்கள் உரிக்காமல் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் மங்கலாக இருக்கிறது என்று குடும்பமே முடிவு செய்து, இரண்டு நாள் உட்கார்ந்து உரித்திருக்கிறது.

"பாதி வரைக்கும் வந்துருச்சு சார். மிச்சத்த நீங்க பிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

அன்று முதலாளி வெயிலண்ணனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் மாடியில் கிளாஸிப் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கிக் கிடந்தன.

"நீங்க மல்லுக்கட்டிக் குடுத்தது இதோட மூணு திரும்பி வந்துருச்சு. நாலாவது ஒண்ணு இந்தக் கடைக்குள்ள திரும்பி வந்துச்சுன்னா, அன்னைக்கோட நீங்க வேலைய விட்டு நின்னுக்கிரலாம். பெறகு மொதலாளி இப்பிடிப் பண்ணிட்டாகன்னு வருத்தப்படக் கூடாது."

"சரிங்க மொதலாளி."

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் மதுரையில் நர்சிங் இரண்டாவது வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தேனியிலும் போடியிலும் இருக்கிற அத்தனை கடைகளுக்கும் இவருடைய புகழ் போய்ச் சேர்ந்திருந்தது. இங்கே போனால் வேறு எவனும் சேர்க்க மாட்டான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று வாரம் வெயிலண்ணன் வாசல் பக்கமே போகவில்லை. கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தார். இழவு வீட்டில் காப்பி கொடுக்கிற முகத்தோடு அவர் கிளாஸி விற்ற அழகைப் பார்த்து நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் ஓடைப்பட்டியிலிருந்து அந்தோணி என்பவர் தன் மனைவி சகாயமேரியோடு வந்தார். அவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். சகாயமேரிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. வீட்டிலிருந்தே சின்னமனூர் பிளெக்ஸ் கடைக்கு பேனர் டிசைன் செய்து அனுப்புகிறாள். நம் பக்கத்தில் காதுகுத்துக்கும் பிளெக்ஸ், கிடாவெட்டுக்கும் பிளெக்ஸ், ஆகவே ஓயாத வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து வைத்திருந்த லேப்டாப் உயிரை விட்டுவிட்டதால் புதிது வேண்டும்.

வந்ததும் நேராகக் கிளாஸியைக் கை காட்டினாள். வெயிலண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். நாக்கு நமநமவென்று இருந்திருக்கும் போல.

"வீட்டுல எங்கன உக்காந்து வேல பாப்பாக?" என்று அந்தோணியிடம் கேட்டார்.

"ஒத்த ரூம்பு சார். செவுத்தப் பாத்து மேச போட்டுருக்கு. முதுகுப் பக்கம் வாசக்கதவு. தெறந்தா தோட்டம்."

"முதுகுப் பக்கம் வாசலா? தெறந்து கெடக்குமா?"

பின்னாலிருந்து விழுகிற வெளிச்சம்தான் கிளாஸிக்கு முதல் எதிரி. வாசல் வெளிச்சம் அப்படியே திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நிமிடம் லேப்டாப் ரோட்டில் பைக் சீட்டில் இருந்தது. வெயிலண்ணன் நெற்றியைக் காட்டினார், கண்ணைக் கசக்கிக் காட்டினார், தலைவலி வந்த மாதிரி நடித்துக்கூடக் காட்டினார். சகாயமேரி பொறுமையாகப் பார்த்துவிட்டு போனில் எழுதி நீட்டினாள்: 'நான் ரோட்டில் உட்கார மாட்டேன்.'

நான் மனதுக்குள் கை தட்டினேன். ஆனால் அந்தோணி, "சாமி சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மேட்டை வாங்கிவிட்டார். மாதா கோயில்காரரே சாமி என்று சொன்ன பிறகு நான் என்ன பேசுவது.

எட்டாவது நாள் அந்தோணி பையோடு தனியாக வந்து நின்றார். நல்லவேளை, முதலாளி ஒரு காதுகுத்துக்காக மதுரை போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார்.

"இது அவளுக்கு ஒத்துவரலையாம் சார். அந்தப் பளபளாவே வேணுமாம். ஏன்னு கேட்டா, அவுகள வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்கறா." அப்புறம் அவரே தயங்கிச் சொன்னார்: "பழகப் பழகச் சரியாயிரும்னா சொல்லுங்க. நான் கொண்டுபோயிர்றேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெயிலண்ணன் காதில், "அண்ணே, பழகிரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சோலி முடிஞ்சுரும்" என்றேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எடத்தப் பாக்காம எப்பிடிலே சொல்றது?"

கடையை சர்வீஸ் பையனிடம் விட்டுவிட்டு என் பைக்கில் ஏறிக்கொண்டார். மடியில் திரும்பி வந்த மேட், அதோடு புதுக் கிளாஸி ஒன்று. அந்தோணி தன் வண்டியில் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனார். சின்னமனூர் தாண்டும் வரை எதிர்காற்று. வழி முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். காற்றில் அது அவருக்குக் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. வாசலுக்கு வெளியே நாலு எட்டில், மருந்து கலக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற தரைத்தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தரையில் ஒரு பெண் குழந்தை சொப்பு உருட்டிக்கொண்டிருந்தது. நடை பழகி ஒரு மாதம்தான் இருக்கும்.

"ஆத்தா, இதுல என்ன கொற?" என்று வெயிலண்ணன் வீடு அதிரக் கேட்டார்.

'கத்தினாலும் கேட்காது. உட்காருங்கள்' என்று எழுதிக் காட்டினாள்.

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து மேட்டைத் திறந்தார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாருலே, பின்னாடி அம்புட்டு வெயிலு அடிக்குது. இதுல ஒரு பொட்டு தெரியுதா? சுத்தமா இருக்கு பாரு." அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சகாயமேரி எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். தொட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்ற குழந்தையை அள்ளிக்கொண்டு வந்தாள். அது எப்போது போனது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

அவள் கோபப்படவில்லை. மேட்டை மூடி ஒதுக்கினாள். கிளாஸியை அவர் முன்னால் வைத்து, பென்டிரைவிலிருந்து கருநீலத்தில் செய்த ஒரு காதுகுத்து பேனரைத் திறந்தாள். குழந்தையைப் பின்னால் தரையில் விட்டாள். கருநீலத்துக்குள் வாசல் பளிச்சென்று வந்தது. வாசல் வெளிச்சத்தில் ஒரு சின்ன உருவம் எழுந்து நின்று, ஆடி ஆடி வெளியே கிளம்பியது. சகாயமேரி திரும்பிப் பார்க்காமலே திரையில் அதன்மேல் விரலை வைத்தாள். அந்தோணி போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பழைய லேப்டாப்பில் அவள் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறாள். பேனரில் தாய்மாமன் படத்தை ஒட்டிக்கொண்டே, அதே திரையில் குழந்தை தவழ்வதையும் பார்த்திருக்கிறாள்.

வெயிலண்ணன் அவ்வளவு சீக்கிரம் தோற்கிற ஆளா? கதவைச் சாத்தினால் என்ன என்றார். "தகரம் சார், சாத்துனா உள்ள அவிஞ்சு போயிருவாக" என்றார் அந்தோணி. வெயிலண்ணன் மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னார், நானும் அந்தோணியும் தூக்கித் திருப்பினோம். குழந்தை எழுந்து போய், மறுபடி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. சுவரில் ஒரு கண்ணாடி மாட்டலாமே என்றார் வெயிலண்ணன். சகாயமேரி எழுதினாள்: 'கண்ணாடியைப் பார்த்தால் வேலையைப் பார்க்க முடியாது. வேலையைப் பார்த்தால் கண்ணாடியைப் பார்க்க முடியாது. இதில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். கிளாஸியை மேஜையிலேயே விட்டுவிட்டு, மேட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து பைக்கில் ஏறியதும் சொன்னார்.

"பதினாலு வருசமா வெளிச்சம் எங்கன இருக்குன்னே கேட்டுருக்கேன். நீ எதப் பாக்கணும் ஆத்தான்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கலையேலே."

கேலி செய்ய எனக்கு எப்போதும் வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அன்று வழி முழுக்க பைக்கை மட்டும் ஓட்டினேன்.

கடைக்கு வந்ததும் நான் யோசனை சொன்னேன். "மெஷின்ல கோளாறுன்னு எழுதுங்கண்ணே. கம்பெனி மேல போயிரும்."

"நல்ல மெஷின் மேல பழி போடலாமாலே?" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்த சாமான் சீட்டில் காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'வாங்குபவரைக் கேட்காமல் நான் விற்றது.' கீழே கையெழுத்தும் போட்டார். அவருடைய உண்மையான பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு போய் மகளுக்கு போன் போட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

முதலாளி நெற்றியில் சந்தனத்தோடு வந்து சீட்டைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"தெரியும் மொதலாளி" என்றார் வெயிலண்ணன். மேஜை டிராயரிலிருந்து தன் ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன வந்தது என்று இன்று வரை புரியவில்லை. "மொதலாளி, அது திரும்பி வரல. வித்துருச்சு. நான் எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். கிளாஸி பைத்தியம் என்று கடையில் பெயர் வாங்கியவன் நான். என் போனிலேயே ஒரு நாளைக்கு நாற்பது தடவை தலை சீவிக்கொள்கிறவன்.

"நீ? இந்த மங்கலு ஒனக்கெதுக்குலே?"

"பளபளப்புப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது மொதலாளி."

அவர் நம்பவில்லை. நான் சொன்ன விதத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் போயி வேலையப் பாருங்க" என்றார். வெயிலண்ணன் ஸ்க்ரூடிரைவர் பையைத் திரும்ப டிராயரில் வைத்து, அதைச் சாத்தினார்.

எனக்குக் கண்வலியும் இல்லை, காது வலியும் இல்லை. அந்த மனிதர் போய்விட்டால், காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கடையில் நான் யாரைக் கேலி செய்துகொண்டு நிற்பேன்?