ஒழுகாத குடைக்குப் பூச்சியம்

கொட்டாஞ்சேனையில் ஷிஹாரா நடத்திய குடைத் தொழிற்சாலையில் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். குடைகள் ஒழுகவில்லை. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

பாடசாலைகளுக்குக் குடை வழங்க இனிமேல் 'டிஜிட்டல் உற்பத்தித் தயார்நிலைச் சான்றிதழ்' அவசியம் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த ஓடர் போனால் தொழிற்சாலையைப் பூட்ட வேண்டியதுதான். மதிப்பீட்டு உத்தியோகத்தர் சவுந்தரநாயகம் கையில் டெப் கணினியுடன் வந்து சேர்ந்தார். தர முகாமைத்துவக் கோட்பாடுகள் ஏழும் அதற்குள் இருந்தன.

"வாடிக்கையாளர் முறைப்பாடு எத்தனை?"

"ஒண்டும் இல்ல சேர்," என்றாள் ஷிஹாரா பெருமையாக.

அவர் வருத்தத்தோடு பூச்சியம் போட்டார். "சரி, தொடர் மேம்பாடு. போன வருஷம் என்ன பிழையைத் திருத்தினீங்க?"

"பிழை வரல்லயே."

"பிழை இல்லாம எப்பிடி மிஸ் மேம்படுறது? சிஸ்டம் ஏற்காது."

கம்பி பொருத்தும் றோஸிக்குப் பொறுக்கவில்லை. "சேர், வெளியில மழைதானே. ஒரு குடையப் பிடிச்சுப் பாருங்களன்."

"குடையைப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. தரவை மட்டும்தான் பார்க்கலாம்."

மறுமதிப்பீட்டுக்கு மூன்று மாத அவகாசம் கிடைத்தது. ஷிஹாரா யோசித்து யோசித்துப் பார்த்தாள்; வேறு வழி தெரியவில்லை. குடைக்கு மூன்று துளை போடும் பொறுப்பு றோஸிக்கு வந்தது. "மாதாவே, மன்னிச்சுக்கொள்ளும்," என்று சொல்லி முதல் குடையில் ஊசியை ஏற்றினாள்.

முறைப்பாடுகள் குவிந்தன. எல்லாம் கணினியில் ஏறின. இரண்டாம் மாதத்திலிருந்து ஒரே ஒரு துளை.

மூன்றாம் மாத முடிவில் திரும்பி வந்த சவுந்தரநாயகம் திரையைப் பார்த்து உருகிப்போனார். "அறுபத்தேழு வீத மேம்பாடு! கொழும்பிலேயே இப்பிடி ஒரு நிறுவனம் இல்லை!"

"அந்த ஒரு துளையையும் நிப்பாட்டிடவா சேர்?" என்று ஆவலோடு கேட்டாள் றோஸி.

"ஐயோ, அவசரப்படாதீங்க. அடுத்த வருஷமும் மேம்பட வேணுமே!"

சான்றிதழோடு பொன்னிற ஸ்டிக்கரும் வந்தது. குடைகள் பறந்தன. வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் ஸ்டிக்கர் இல்லாத, துளை போடுவதற்கு முந்திய பழைய குடைகளைத் திருப்பி அனுப்பினார்கள். றோஸி அவற்றில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து மகள் நிலூஷாவுக்குக் கொண்டுபோனாள்.

நிலூஷா விரித்து, திருப்பி, மூடி வைத்தாள். "ஸ்டிக்கர் இல்லையேம்மா. ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க."

"இது ஒழுகாது பிள்ள."

"ஒழுகாதெண்டு எதில எழுதியிருக்கு?"

அடுத்த நாள் றோஸி, தன் கையால் துளைத்த குடை ஒன்றைத் தானே காசு கொடுத்து வாங்கினாள். நிலூஷா அதைப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே, தலைநிமிர்ந்து பாடசாலைக்குப் போனாள்.